மூன்றரை சதவீத முன்பணத்தில் டெக்சாஸில் வீடு வாங்கிய கதை

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாலஸுக்கு வடகிழக்கே பிரின்ஸ்டன் என்ற ஊரில், மதிய வெயில் தாங்காமல் ஒரு மாடல் வீட்டுக்குள் ஏசிக்காகத்தான் நுழைந்தோம். அன்று வீடு வாங்கும் எண்ணமே இல்லை. விற்பனைப் பெண்மணி குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு துண்டுச்சீட்டையும் கொடுத்தார். அதில் பெரிய எழுத்தில் 5.75 சதவீதம் என்று போட்டிருந்தது. அப்போது வெளியில் முப்பது வருடக் கடனுக்கு வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

“எங்களிடம் 20 சதவீதம் முன்பணம் இல்லையே” என்றேன். அவர் சிரித்தார். “இந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. எல்லாரும் எஃப்.ஹெச்.ஏ.தான்.”

அந்த மூன்றெழுத்துதான் (ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அமெரிக்க அரசு அமைப்பு) எங்களை வீட்டுக்காரர்கள் ஆக்கியது. அதே மூன்றெழுத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் ஒன்றரை வருடம் கழித்து ஒரு இரவு முழுக்கத் தூக்கம் போனது.

முதலில் எனக்கு இருந்த குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ‘அரசுக் கடன்’ என்றால் மனதில் என்ன வரும்? மானியம், குறைந்த வட்டி, தேர்தல் வந்தால் தள்ளுபடி. அமெரிக்காவில் ‘கவர்ன்மென்ட் பேக்டு லோன்’ என்று கேட்டதும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏதோ அரசாங்கம் நம் பக்கம் நிற்கிறது என்று ஒரு தெம்பு. உண்மையில் எஃப்.ஹெச்.ஏ. ஒரு பைசா கடன் கொடுப்பதில்லை. 1934இல், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், வீட்டுக் கடன் கொடுக்கப் பயந்து ஒதுங்கிய நிறுவனங்களுக்குத் தைரியம் கொடுக்க ஏற்படுத்திய காப்பீட்டு அமைப்பு அது. பணம் கொடுப்பது தனியார் நிறுவனம். நான் கட்டாமல் போனால், அந்த நிறுவனத்தின் நஷ்டத்தை எஃப்.ஹெச்.ஏ. ஈடுகட்டும். வீடு போவது என்னுடையதுதான். டெக்சாஸில் அதற்கு வழக்குகூடத் தேவையில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொன்ன இடத்தில் ஏலம் போட்டுவிடலாம்.

ஆக, அரசு பொறுப்பேற்றது கடன் கொடுத்தவருக்காக. பிரீமியம் கட்டுவது நான். இது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். படித்தேன், ஆனால் உறைக்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 3,40,000 டாலர். கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்கான மதிப்பெண், 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5 சதவீதம் முன்பணம் போதும். அதாவது 11,900 டாலர். மீதி 3,28,100 கடன். இதன் மேல் 1.75 சதவீதம் முன்கூட்டிய காப்பீட்டு பிரீமியம், 5,742 டாலர். அதைக் கையிலிருந்து கொடுக்க வேண்டாம், கடனோடு சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். நல்லதாப் போச்சு என்று தலையாட்டினேன். சேர்த்தால் அதற்கும் முப்பது வருடம் வட்டி என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. இது போக வருடாந்திர பிரீமியம் 0.55 சதவீதம், மாதம் 150 டாலர். 2023 மார்ச்சுக்கு முன் இது பெரும்பாலோருக்கு 0.85 ஆக இருந்தது. அந்த வகையில் எங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஆனால் இந்த 150 டாலர் எப்போது நிற்கும் என்று நான் கேட்கவே இல்லை. எஃப்.ஹெச்.ஏ. மாதிரி அரசுக் காப்பீடு இல்லாத சாதாரண கன்வென்ஷனல் கடனில் தனியார் காப்பீடு இருந்தாலும், கடன் பாக்கி வீட்டின் தொடக்க மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். தவணை ஒழுங்காகப் போனால் 78இல் தானாகவே நின்றுவிடும். எஃப்.ஹெச்.ஏ.வில் முன்பணம் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் கடன் இருக்கும்வரை பிரீமியமும் உண்டு. 10 சதவீதம் போட்டிருந்தால் 11 வருடத்தில் நின்றிருக்கும். தப்பிக்க ஒரே வழி, வேறு கடனுக்கு மாறுவது. மாறுகிற நாளில் வட்டி என்ன இருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

இவ்வளவு தெரிந்திருந்தாலும் நான் எஃப்.ஹெச்.ஏ.தான் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். 2019இல் ஹெச்1பி விசாவில் வந்தவன். இந்த நாட்டில் என் கடன் வரலாற்றுக்கு நான்கு வயது. ஸ்கோர் 660ஐச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கோருக்கு, சொற்ப முன்பணத்தோடு கன்வென்ஷனல் கேட்டால் வட்டியும் காப்பீடும் எகிறும். கல்யாண மண்டபத்தில் தெரிந்தவர் சொன்னால் பந்தியில் இடம் கிடைப்பதுபோல, எனக்காக ஒருவர் உத்தரவாதம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

டெக்சாஸில் இந்தக் கடன் இவ்வளவு பரவியதற்குக் காரணத்தை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். 2021 ஜனவரியில் முப்பது வருட வட்டி சராசரி 2.65 சதவீதம் வரை இறங்கியிருந்தது. 2023 அக்டோபரில் 7.79ஐத் தொட்டது. பழைய வீட்டுக்காரர்கள் தங்கள் மலிவான கடனை விட மனமில்லாமல் வீட்டை விற்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். டெக்சாஸில் நிலம் இருக்கிறது, பில்டர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டியதை விற்க வட்டியைக் குறைத்துக் காட்ட வேண்டும். இங்கேதான் ஒரு நுணுக்கம். வாங்குபவரின் க்ளோசிங் (வாங்குவதை முடித்துக் கையெழுத்திடும் நாள்) செலவுக்கும் வட்டிக் குறைப்புக்கும் விற்பவர் எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கடனுக்கும் வரம்பு உண்டு. முன்பணம் 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கன்வென்ஷனலில் விலையில் 3 சதவீதம், எஃப்.ஹெச்.ஏ.வில் 6. பில்டரின் கையில் இரட்டிப்பு இடம். முதல் வீடு வாங்குபவர்கள், குறைந்த முன்பணம், பில்டரின் சொந்தக் கடன் நிறுவனம், இவை எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாடு முழுக்கவே எஃப்.ஹெச்.ஏ.வில் வீடு வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அது முதல் வீடு. கடன் வரம்பும் வருடாவருடம் ஏறுகிறது: சாதாரண கவுண்ட்டிகளில் 2023இல் 4,72,030 டாலர், 2025இல் 5,24,225. பிரின்ஸ்டனே 2023 ஜூலைக்கும் 2024 ஜூலைக்கும் இடையில் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த நகரம் என்று மக்கள்தொகைக் கணக்கில் வந்தது. தண்ணீரும் சாலையும் தாக்குப்பிடிக்காமல் 2024 செப்டம்பரில் புது வீட்டுத் திட்டங்களுக்கு நகரமே தற்காலிகத் தடை போட்டது. எங்கள் ஊர் சாலையில் காலை ஏழரைக்கு ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள், புள்ளிவிவரமே வேண்டாம்.

பில்டர் கொடுத்த 5.75ஐ தாராளம் என்று அன்று நினைத்தேன். அந்தப் பணமும் வீட்டு விலைக்குள்தான் இருந்தது. அதற்கான சாட்சி பின்னால் வருகிறது.

எங்களுக்கு இடது பக்க வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர். அவருக்கு வி.ஏ. கடன், முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை உத்தரவாதம் தருவது. முன்பணம் சுழியம், மாதாந்திரக் காப்பீடும் சுழியம். முதல் தடவை என்றால் 2.15 சதவீதம் ஒரே ஒரு கட்டணம். பணியில் ஏற்பட்ட ஊனத்துக்கு இழப்பீடு வாங்குபவர் என்பதால் அவருக்கு அதுவும் இல்லை. கிராமப்புறம் என்று குறித்த பகுதிகளுக்கு வேளாண் துறையின் உத்தரவாதக் கடன் ஒன்றும் இருக்கிறது, அதிலும் முன்பணம் வேண்டாம். வருமான வரம்பு உண்டு. இந்த இரண்டுக்கும் தகுதி இருந்தால் எஃப்.ஹெச்.ஏ. பக்கம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

சரி, காகிதப் படலம். 11,900இல் எங்களிடம் ஏழாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மாமனார் சேலத்தில் ஒரு வைப்புத்தொகையை உடைத்து 5,000 டாலர் அனுப்பினார். கடன் அதிகாரி உடனே, இது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் என்று அவர் கையெழுத்தோடு கடிதம் வேண்டும், அவர் கணக்கிலிருந்து கிளம்பியதற்கும் உங்கள் கணக்கில் விழுந்ததற்கும் ஆதாரம் வேண்டும் என்றார். போனில் மாமனாருக்கு விளக்கினேன். “ஏன் மாப்ள, பெத்த பொண்ணுக்குக் கொடுக்கிறதுக்குக் கடுதாசியா?” என்றார். அப்புறம் அழகாகக் கையெழுத்துப் போட்டு ஒன்று அனுப்பிவைத்தார். இன்னொரு நண்பர் 2,000 டாலர் கைமாற்றாகக் கொடுக்க முன்வந்தார். வாங்கவில்லை. கடந்த இரண்டு மாத வங்கிக் கணக்கைத் துருவுவார்கள். சம்பளத்துக்கு வெளியே பெரிதாக எது விழுந்திருந்தாலும் எங்கிருந்து என்று கேள்வி வரும். கைமாற்று என்றால் அது கடன், முன்பணத்துக்குச் செல்லாது. பரிசு என்று எழுதிக்கொடுத்தால் அது பொய். வீடு தேடத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பணத்தை ஒரே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. எஃப்.ஹெச்.ஏ. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார், அதனால் வீடு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அவர் பார்ப்பது விலைக்குத் தகுமா, குறைந்தபட்சப் பாதுகாப்பு இருக்கிறதா என்று. அதுவும் யாருக்காக? திரும்பவும் கடன் கொடுப்பவருக்காக. நான் 450 டாலர் கொடுத்து ஒரு இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்தேன். புது வீட்டுக்கு எதற்கு என்று விற்பனைப் பெண்மணி முகம் சுளித்தார். இன்ஸ்பெக்டர் ஏணி போட்டு மேலே ஏறி, போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மாஸ்டர் பெட்ரூமுக்கு மேலே, கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் ஒரு மூலை முழுக்க வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பஞ்சே இல்லை, வெறும் பலகை. டெக்சாஸ் வெயிலில் அந்த மூலை என் மின்கட்டணத்தை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். க்ளோசிங்குக்கு முன்பே சரிசெய்து கொடுத்தார்கள்.

செப்டம்பரில் சாவி கிடைத்தது. மாதத் தவணை 2,448 டாலர். அசலும் வட்டியும் 1,948, கடன் காப்பீடு 150, வீட்டுக் காப்பீடு 200, சொத்து வரி 150. பால் காய்ச்சி, ஸ்மோக் அலாரம் அடித்து, சிரித்து, ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. நடுவில் கடனை வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றினார்கள். இது சகஜம், கடிதத்தில் உள்ள பெயரையும் கணக்கு எண்ணையும் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு கட்டுங்கள், மோசடிக்காரர்கள் இதே கடிதத்தை அச்சடிக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் எஸ்க்ரோ கடிதம் வந்தது. எஸ்க்ரோ என்பது, வரிக்கும் காப்பீட்டுக்கும் நம்மிடம் மாதாமாதம் வசூலித்துக் கடன் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. அடுத்த மாதம் முதல் தவணை 3,368 டாலர்.

மனைவி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏங்க, வட்டி மாறாதுன்னுதானே சொன்னாங்க?” என்றாள். வட்டி மாறவில்லை. மாறியது வரி. அந்தக் கடைசி 150 டாலரைத் திரும்பப் பாருங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளி, கவுண்ட்டி, நகராட்சி எல்லாம் பெருமளவு சொத்து வரியை நம்பித்தான் ஓடுகின்றன. புது லே-அவுட் என்றால் பல இடங்களில் மட் டாக்ஸ் (தண்ணீர், சாக்கடை வசதிக்கான வட்டார அமைப்பின் வரி) வேறு சேரும். சொத்தின் மதிப்பை ஜனவரி 1 அன்று இருந்த நிலையில் போடுவார்கள். 2023 ஜனவரி 1 அன்று எங்கள் வீடு இருந்த இடத்தில் வெறும் மண். அதனால் அந்த வருட வரி 1,800 டாலர். அதை வைத்தே என் தவணையைக் கணக்கிட்டிருந்தார்கள். 2024 ஜனவரி 1 அன்று அங்கே நான்கு படுக்கையறை வீடு. வரி 6,400. வீட்டுக் காப்பீடும் 500 டாலர் ஏறியிருந்தது. வட டெக்சாஸில் ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கூரை மாற்றாத தெரு கிடையாது.

வருடத்துக்கு 5,100 டாலர் கூடுதல் என்றால் மாதம் 425. அதோடு நிற்கவில்லை. போன வருடம் நான் குறைவாகக் கட்டியதால் விழுந்த 5,100 பள்ளத்தையும் 12 மாதத்தில் அடைக்க வேண்டும், அது இன்னொரு 425. இரண்டு மாத இருப்பு வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அதற்கு எழுபது. எல்லாம் சேர்ந்து மாதம் 920 டாலர் ஏற்றம். அன்றைக்கு இரவுதான் தூக்கம் போனது.

யாரும் ஏமாற்றவில்லை. க்ளோசிங் காகிதங்களில் எங்கோ ஒரு வரியில் ‘மேம்படுத்தப்படாத நிலத்தின் அடிப்படையில்’ என்று இருந்தது. நான்தான் தாண்டிப் போயிருந்தேன். புது வீடு வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: எஸ்க்ரோவில் வரி நிலத்துக்கா, முழு வீட்டுக்கா? நிலத்துக்கு என்றால், முழு வீட்டுக்கான வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். தவணை எட்டுமா என்று பார்ப்பதும் அந்தத் தொகையை வைத்துத்தான். என் தெருவில் இரண்டு வீடுகள் அந்த வசந்தத்தில் விற்பனைப் பலகை வைத்தன. காரணம் நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நாடு முழுக்க 2024 கடைசியில் எஃப்.ஹெச்.ஏ. கடன்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தவணை தவறியிருந்தன. கன்வென்ஷனலில் அதில் பாதிகூட இல்லை.

விற்பதும் லேசில்லை. எங்கள் வீட்டின் அதே மாடலை, இரண்டு தெரு தள்ளி அடுத்த கட்டத்தில், 2025இல் பில்டர் 3,09,990க்கு விற்றார். அப்போது என் கடன் பாக்கியே சுமார் 3,26,000. மூன்றரை சதவீதத்தில் உள்ளே நுழைந்தவனுக்கு விலை கொஞ்சம் சரிந்தாலும் காலடியில் தரை இல்லை. நான் சொன்ன சாட்சி இதுதான்.

ஆனால் அதே விலைச் சரிவு ஒரு நல்லதும் செய்தது. டெக்சாஸில் விற்பனை விலைகளை யாரும் பொதுவில் பதிய வேண்டியதில்லை. அதனால் பில்டரின் இணையப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, மே 15க்குள் கவுண்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டேன். 3,45,000 என்று இருந்த மதிப்பை 3,18,000க்கு இறக்கினார்கள். பேச்சுவார்த்தை பதினைந்து நிமிடம்கூட இல்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வரி விதிக்கும் மதிப்பில் ஒரு பகுதியைக் கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு 2024லேயே விண்ணப்பித்திருந்தேன். அது இலவசம், காசு வாங்கிக்கொண்டு போட்டுத்தருகிறோம் என்று வரும் கடிதங்களைக் கிழித்துப் போடலாம். பள்ளி வரிக்கான அந்த விலக்கு 2023இல் ஒரு லட்சம் டாலராக உயர்ந்தது, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது. 2025 வரி 5,300 டாலருக்கு வந்து நின்றது.

இதற்கிடையில் என் அலுவலக நண்பர் ஒருவர், ஹெச்1பிக்காரர், நான் போன வழியிலேயே போகலாம் என்று 2025 மே மாதம் ஒரு பழைய வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டார். மார்ச் 26 அன்றே விதி மாறியிருந்தது. மே 25 முதல் கேஸ் நம்பர் (ஒவ்வொரு கடனுக்கும் எஃப்.ஹெச்.ஏ. தரும் எண்) போடும் எஃப்.ஹெச்.ஏ. கடன்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை இல்லாதவர்கள் தகுதியில்லை. குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், சில பசிபிக் தீவு நாட்டவர்கள் மட்டும்தான். அவருடைய கடன் நிறுவனம் கேஸ் நம்பர் எடுக்கச் சில நாள் தாமதித்தது, கதவு மூடிவிட்டது. கன்வென்ஷனலுக்கு மாறி, 5 சதவீதம் போட்டு, என்னைவிட அதிகமான மாதக் காப்பீட்டோடு வாங்கினார். அன்று எனக்கு அவர்மேல் பரிதாபம். இப்போது யோசித்தால், அவருடைய காப்பீடு ஒருநாள் நிற்கும். என்னுடையது நிற்காது. விசாவில் இருப்பவர்களுக்கு இன்று அந்த வழிதான் உண்டு. முதல் வீடு என்றால் 3 சதவீத முன்பணத்திலும் கன்வென்ஷனல் கிடைக்கிறது. ஸ்கோரை ஏற்றிக்கொண்டு போனால் காப்பீடு வெகுவாக இறங்கும். ஆறு மாதம் பொறுத்து ஸ்கோரை 740க்குக் கொண்டுபோவது, பில்டர் தரும் எந்தச் சலுகையையும்விட மேல் என்பது என் எண்ணம்.

நான் இன்னும் எஃப்.ஹெச்.ஏ.வில்தான் இருக்கிறேன். 5.75ஐ விட்டுவிட்டு, 150 டாலரைத் தப்பிக்க அதிக வட்டிக்கு மாறுவது மடத்தனம். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அசலும் வட்டியும், கடன் காப்பீடு, வீட்டுக் காப்பீடு, வரி என்று நான்கு வரி. அக்டோபரில் வரி பில் வந்ததும் மனைவி நான்காவது வரியைத் திருத்துவாள்.

2026 பிப்ரவரியில் எஸ்க்ரோ கடிதம் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். “பிரிக்காதீங்க, நான் சொல்றேன்” என்றாள். தாளைப் பார்த்தாள். “2,790.”

பிரித்தேன். 2,783. உள்ளே, அதிகமாகக் கட்டியதைத் திருப்பித் தரும் ஒரு காசோலையும் இருந்தது.